சிங்கப்பூர் முதல் ஜித்தா வரை: கப்பல் நின்ற துறைகளும் பெயர் மறைந்த பயணிகளும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

உல்லாசக் கப்பல் பயணம் இன்று நம் குடும்பங்களிலும் பேசப்படும் பொருளாகிவிட்டது. பள்ளி விடுமுறை தொடங்கினால், சிங்கப்பூரில் கப்பலேறிப் பினாங்கு பார்த்துத் திரும்பியவர்களின் ஒளிப்படங்கள் கைப்பேசிகளில் வலம் வருகின்றன. 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஒரு பயணக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டு மீண்டது. காலையில் கரை சேர்வதும், சில மணி நேரம் ஊர் பார்ப்பதும், மாலையில் மீண்டும் கப்பலேறுவதும் இப்பயணங்களின் வழக்கம். அவ்வாறு கப்பல் சிறிது நேரம் நின்று செல்லும் ஊர்கள், பயணிக்கு ஒரு நாளின் காட்சி. அவ்வூர்களுக்கோ பல நூற்றாண்டுகளின் நினைவு உண்டு.

அந்நினைவில் நமக்கும் பங்கு இருக்கிறது. சிங்கப்பூர், பினாங்கு, கொழும்பு, ஏடன், ஜித்தா என்னும் ஐந்து துறைகளையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அது உல்லாசக் கப்பல்கள் வகுத்த பாதையன்று. அவை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே வணிகரும் ஹஜ் பயணிகளும் போய்வந்த பாதை அது. அந்த ஐந்து துறைகளிலும் இறங்கி, அங்கே நம் முன்னோரும் நம் மார்க்கச் சகோதரரும் விட்டுச் சென்ற சுவடுகளைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உல்லாசப் பயணம் பிறந்த கதை

கடற்பயணம் என்பது மனிதன் வேறு வழியின்றி மேற்கொண்ட இன்னலாகவே நெடுங்காலம் இருந்தது. பயணத்தையே இன்பமாக விற்கலாம் என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றியது. அஞ்சல் கப்பல்களை ஓட்டிய பி அண்டு ஓ நிறுவனம் 1844 இல் மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் பயணங்களை அறிவித்தது. அந்த ஆண்டு ஆங்கில எழுத்தாளர் தாக்கரே, அந்நிறுவனம் அளித்த இலவசச் சீட்டில் இஸ்தான்புல், ஜெருசலேம், கெய்ரோ முதலிய இடங்களுக்குச் சென்று வந்து ஒரு பயண நூலும் எழுதினார். பின்னர் 1891 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஜெர்மானியக் கப்பல் நிறுவனம் ஒன்றின் பொறுப்பிலிருந்த ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் வேலையின்றிக் கிடந்த 'அகஸ்தா விக்டோரியா' என்னும் கப்பலை மத்தியதரைக் கடலுக்கு இன்பப் பயணமாக அனுப்பினார். இன்றைய உல்லாசக் கப்பல் தொழிலுக்கு அதுவே முன்னோடி எனக் கருதப்படுகிறது.

இதே காலத்தில் அதே நீராவிக் கப்பல்கள் வேறொரு கூட்டத்தையும் ஏற்றிச் சென்றன. 1869 இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் செங்கடல் வழியே கப்பல் போக்குவரத்துப் பெருகியது. பாய்மரக் கப்பலில் பருவக்காற்றுக்குக் காத்திருந்து பல மாதங்கள் செய்த ஹஜ் பயணம், சில வாரங்களில் முடிவதாயிற்று. ஏழை எளியோரும் வாழ்நாள் சேமிப்பைத் திரட்டிப் புறப்பட்டனர். 1886 இல் இந்தியாவின் ஆங்கில அரசு, பம்பாயிலிருந்து செல்லும் ஹஜ் பயணிகளுக்கான ஏற்பாட்டை, சுற்றுலாத் தொழிலின் தந்தை எனப்படும் தாமஸ் குக்கின் நிறுவனத்திடமே ஒப்படைத்தது. சில ஆண்டுகளில் அந்நிறுவனம் அப்பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. சுற்றுலாவும் புனிதப் பயணமும் ஒரே அலுவலக மேசையில் பதிவான காலம் அது. முதல் வகுப்பு அறையில் இருந்தவர் தம் பயணத்தைப் பற்றி நூல் எழுதினார். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர் எழுதவில்லை. அவர்களைத் தேடியே நாம் இத்துறைகளுக்குச் செல்கிறோம்.

சிங்கப்பூர்: கடல் விலகிய பள்ளிவாசல்

சிங்கப்பூரின் மரினா பே பயணக் கப்பல் முனையம் 2012 இல் திறக்கப்பட்டது. அது நிற்கும் நிலம் கடலைத் தூர்த்து உருவாக்கியது. அங்கிருந்து நகருக்குள் வந்தால் தெலுக் ஆயர் தெரு இருக்கிறது. மலாய் மொழியில் அப்பெயருக்கு 'நீர்க் குடா' என்று பொருள். இன்று அத்தெருவில் நின்று எத்திசை நோக்கினும் வானளாவிய கட்டடங்களே தெரியும். ஆனால் 1819 இல் ஆங்கிலேயர் இத்தீவில் வணிகக் குடியிருப்பைத் தொடங்கியபோது அத்தெருதான் கடற்கரை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த கப்பல்கள் நங்கூரமிட்டதும், சிறு படகுகளில் மக்கள் கரையிறங்கியதும் அங்கேதான்.

கரையிறங்கிய தமிழ் முஸ்லிம்களை அவ்வூர்ப் பதிவேடுகள் 'சூலியா' என்று குறித்தன. வணிகரும், நாணயம் மாற்றுவோரும், படகோட்டிகளும், சுமைதூக்குவோரும் அவர்களுள் இருந்தனர். தலைக்குமேல் கூரை உறுதிப்படும் முன்னரே தொழுகைக்கு ஓர் இடம் தேடிய மக்கள் அவர்கள். 1826 இல் அன்சார் சாயபு என்பவரின் தலைமையில் ஜாமிஆ பள்ளிவாசல் சவுத் பிரிட்ஜ் சாலையில் எழுந்தது. இன்று நாம் காணும் கட்டடம் 1830 களின் முற்பகுதியில் கட்டப்பட்டது. அதன் முகப்பை உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். இரு மினாராக்களைக் கொண்ட வாயில் சாலையின் போக்கிற்கு இணங்க நிற்கிறது. உள்ளே தொழுகைக் கூடமோ சாலையோடு ஒத்துப்போகாமல் சற்றுத் திரும்பி, கிப்லாவை நோக்கி நிற்கிறது. ஊரின் ஒழுங்கை மதித்து, உள்ளத்தின் திசையை இழக்காமல் வாழ்ந்த ஒரு சமூகத்தின் வரைபடம் அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறது.

தெலுக் ஆயர் தெருவில் 1827 இல் தோன்றிய அல் அப்ரார் பள்ளிவாசலை, ஓலையும் மரமும் கொண்டு தொடங்கிய அதன் எளிமை கருதித் தமிழ் முஸ்லிம்கள் 'குச்சுப் பள்ளி' என்றே அழைத்தனர். அதே தெருவில் 1828 முதல் 1830 வரை நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஒரு கட்டடம் எழுப்பப்பட்டது. அவர் அடங்கியிருப்பது நாகூரில்தான். கடலைக் கடந்து வந்தோர், தம்மை வழியனுப்பிய ஊரின் நினைவை இங்கே கல்லாக நட்டனர். இன்று அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. தர்கா மரபு பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. எனினும், உயிரைக் கையில் பிடித்துக் கடல் கடந்தவர்களின் மனநிலைக்கு அக்கட்டடம் ஒரு வரலாற்றுச் சான்று என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெலுக் ஆயர் கடல் தூர்க்கப்பட்டது. கரை விலகிச் சென்றது. கப்பல்களும் விலகிச் சென்றன. கடலைப் பார்த்திருந்த பள்ளிவாசல்கள் தெருவைப் பார்ப்பவை ஆயின. ஆயினும் ஐவேளைப் பாங்கொலி அங்கே நின்றுவிடவில்லை.

பினாங்கு: கிழக்கின் ஹஜ் வாசல்

பினாங்கில் பயணக் கப்பல்கள் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறைமேடை, ஜார்ஜ் டவுன் பழைய நகரை ஒட்டியே அமைந்திருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கி நடந்தே சூலியா தெருவை அடையலாம். 1786 இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றுவதற்கு முன்பே, எதிர்க்கரையிலிருந்த கெடாவில் சூலியா வணிகர்கள் நிலைபெற்றிருந்தனர். தீவில் புதிய சந்தை தோன்றியதும் அவர்கள் கடலிடுக்கைக் கடந்து வந்தனர். 1794 இல் லைட் எழுதிய குறிப்பு, அங்கிருந்த சூலியா மக்களின் தொகை ஏறத்தாழ ஆயிரம் என்கிறது. ஒரு பருவக்காற்றில் துணிமூட்டைகளோடு வருவதும், மறு பருவக்காற்றில் பாக்கும் மிளகும் தகரமும் ஏற்றித் திரும்புவதும் அவர்களின் வாழ்க்கைச் சக்கரம்.

அச்சமூகத்தின் தலைவராக ஆங்கிலேயர் ஏற்றவர் காதர் முகைதீன். 'கப்பித்தான் கிளிங்' என்னும் பதவிப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. 1801 இல் அவர் காலத்தில் அரசு அளித்த 18 ஏக்கர் நிலத்தில் எழுந்ததே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். வெண்ணிறச் சுவர்களும் கருங்குமிழ் மாடங்களும் கொண்ட இன்றைய தோற்றம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த விரிவாக்கங்களால் வந்தது. பயணக் கப்பலில் வருவோர் வாசலில் நின்று படமெடுத்துக்கொள்ளும் பள்ளிவாசல் இதுதான்.

படத்தில் தெரியாத ஒரு செய்தியும் உண்டு. வணிகர்கள் இந்நகரில் பள்ளிவாசலுக்கும், அடக்கத்தலத்துக்கும், ஏழைகளுக்கும் என வக்ஃபாக விட்டுச் சென்ற நிலங்களும் வீடுகளும் பல. அடுத்தடுத்த தலைமுறைகளில் அவற்றின் நிர்வாகம் சீர்கெட்டது. அறங்காவலர்களிடையே வழக்குகள் எழுந்தன. முறைகேடுகள் பற்றிய குறைகள் பெருகவே, 1905 இல் ஆங்கில அரசு சட்டம் இயற்றி, முகம்மதியர், இந்துக்கள் ஆகியோரின் அறக்கொடைகளை மேற்பார்வை செய்ய ஒரு வாரியம் அமைத்தது. அல்லாஹ்வுக்காக எழுதிவைத்த சொத்தைக் காக்க அந்நிய அரசின் சட்டம் தேவைப்பட்டது என்பது நாம் கடந்து போகக்கூடிய செய்தியன்று. வக்ஃபு செய்தவரின் நிய்யத் அவருடையது. அதைக் காப்பது பின்வருவோரின் அமானிதம்.

அங்கிருந்து சிறிது நடந்தால் அச்சே தெருப் பள்ளிவாசல். அச்சே நாட்டிலிருந்து வந்த அரபு வழித்தோன்றலான செல்வர் துங்கு சையத் உசேன் 1808 இல் அதை நிறுவினார். எண்கோண வடிவிலான அதன் மினாரா நெடுந்தொலைவுக்குத் தெரியும். இத்தெருவே ஒருகாலத்தில் கிழக்கின் ஹஜ் வாசலாக விளங்கியது. வடசுமத்திரா, தென்தாய்லாந்து, மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதி ஆகிய இடங்களிலிருந்து வந்த பயணிகள் கப்பலுக்காக இங்கே நாள்கணக்கில் தங்கினர். அவர்களுக்குச் சீட்டு வாங்கித் தரும் முகவர்கள், விடுதிகள், உணவுக்கடைகள், பெட்டிக் கடைகள், மார்க்க நூல் விற்போர் எனத் தெருவெங்கும் தொழில் செழித்தது. பினாங்கை 'இரண்டாம் ஜித்தா' என்று மக்கள் சொன்னதன் காரணம் இதுவே. விமானப் பயணம் வந்து 1970 களில் ஹஜ் கப்பல்கள் நின்றபின் தெரு அடங்கிப்போனது.

தோளில் காவடிபோல் கம்பு தாங்கி, ஒருபுறம் சோற்றையும் மறுபுறம் குழம்புகளையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவே 'நாசி கண்டார்'. கண்டார் என்பது அந்தத் தோள்கம்பைக் குறிக்கும் மலாய்ச் சொல். இன்று பினாங்கின் பெருமைமிகு உணவாகப் பயணிகள் வரிசையில் நின்று உண்பதும் அதையே. பசித்த தொழிலாளிக்காகத் தோள் காய்த்தவரின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இருந்த கப்பல் தொடர்பை நம் மூத்தவர்கள் நன்கறிவர். 1926 இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று சுற்றிவந்தது. அதன்பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் கடல்நடுவே தீப்பற்றிப் பயணிகள் பலர் உயிரிழந்தனர். அத்தோடு அந்தக் கடல்வழி மூடிற்று. நாகூரிலும் காரைக்காலிலும் பரங்கிப்பேட்டையிலும் பல வீடுகளின் அலமாரிகளில் இருக்கும் பழைய பீங்கான் தட்டும் தகரப் பெட்டியும் அவ்வழியே வந்தவைதாம்.

கொழும்பு: நாடு கடத்தப்பட்டவரும் நாவல் எழுதியவரும்

இலங்கைக்கு வந்த அஞ்சல் கப்பல்கள் முன்னர் காலித் துறையில் நின்றன. 1875 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கொழும்பு அலைதாங்கி உருவானதோடு அவை கொழும்புக்கு மாறின. ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கீழை நாடுகளுக்கும் இடையே சென்ற கப்பல்களெல்லாம் இங்கே நின்று நிலக்கரி ஏற்றின.

1883 சனவரியில் அத்துறையில் இறங்கியவர்களுள் ஒருவர் அகமது உராபி பாஷா. எகிப்தில் அந்நிய ஆதிக்கத்துக்கு எதிராகப் படைதிரட்டி, 1882 இல் தோல்வியுற்று, ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டவர். தம் தோழர்களோடு வந்த அவரைக் காணக் கொழும்பு முஸ்லிம்கள் துறைமுகத்தில் திரண்டனர். தோற்றவர் என்று அவர்கள் அவரைத் தள்ளவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் இத்தீவில் வாழ்ந்தார். 1901 இல்தான் தாயகம் திரும்பினார்.

அந்த இடைக்காலத்தில் நிகழ்ந்தது நமக்கு முக்கியமானது. கண்டியில் பிறந்த வழக்கறிஞர் முகம்மது காசிம் சித்தி லெப்பை, 'முஸ்லிம் நேசன்' இதழை 1882 இல் தொடங்கி நடத்திவந்தார். 1885 இல் அவர் எழுதிய 'அசன்பே சரித்திரம்' தமிழில் எழுந்த முதல் நாவல்களுள் ஒன்று. மார்க்கக் கல்வியோடு நவீனக் கல்வியும் வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று பேசியவர் அவர். உராபி பாஷாவும் சித்தி லெப்பையும், கட்டடக் கலைஞரான வாப்பிச்சி மரைக்காயரும், பிற பெரியோரும் கூடி எடுத்த முயற்சியால் 1892 இல் மருதானைப் பள்ளிவாசலை அடுத்து 'அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா' தொடங்கப்பட்டது. அதுவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. போர்க்களத்தில் தோற்ற ஒருவர், தம்மைச் சிறைவைத்த தீவில் ஒரு பாடசாலைக்குத் துணைநின்றார். அவரைத் தோற்கடித்த பேரரசு இன்று இல்லை. அந்தக் கல்லூரி இருக்கிறது.

வாப்பிச்சி மரைக்காயர் கட்டிய கொழும்பு அருங்காட்சியகம் 1877 இல் திறக்கப்பட்டது. திறப்பின்போது அவர் விரும்பும் வெகுமதி யாதென ஆளுநர் வினவ, வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகம் மூடியிருக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாகக் கொழும்பு முஸ்லிம்கள் வழிவழியாகச் சொல்வர்.

புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்டு நிற்கும் ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசல் 1908, 1909 ஆம் ஆண்டுகளில் எழுந்தது. அப்பகுதியில் வணிகம் செய்த இந்திய முஸ்லிம்கள் ஐவேளைத் தொழுகைக்காக அதை அமைத்தனர். துறைமுகத்தை நெருங்கும் மாலுமிகள் அதன் மாடங்களை அடையாளமாகக் கொண்டனர் என்பர். பயணக் கப்பல்களில் வருவோர்க்கு இன்று அது ஓர் அழகிய காட்சி. அதைக் கட்டியவர்க்கோ, கடையடைத்து ஓடிவந்து ஜமாஅத்தில் சேரும் தொலைவில் இருக்க வேண்டிய தேவை.

ஏடன்: கைவிடப்பட்ட கப்பல்

ஆங்கிலேயர் 1839 இல் கைப்பற்றிய ஏடன், சூயஸ் கால்வாய் திறந்தபின் நிலக்கரி ஏற்றும் பெருந்துறையாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும் பயணிகள் கப்பல்கள் அங்கே வரிசையாக நின்றன. 1967 இல் சூயஸ் மூடப்பட்டதும், அதே ஆண்டு ஆங்கிலேயர் வெளியேறியதும் அந்தப் பெருமைக்கு முடிவு கட்டின. இன்று போர் அத்துறையை வாட்டுகிறது. ஆயினும் இந்த ஐந்து துறைகளிலும் நாம் அதிகம் நின்று எண்ணவேண்டிய இடம் ஏடனே.

1880 ஜூலையில் 'ஜித்தா' என்னும் நீராவிக் கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பினாங்கில் மேலும் பயணிகளை ஏற்றிக்கொண்டு அரேபியா நோக்கிச் சென்றது. சிங்கப்பூரின் அரபு வணிகக் குடும்பமான அல்சகாஃபினரின் கப்பல் அது. அதில் ஆண், பெண், குழந்தைகளாக ஏறத்தாழ 950 ஹஜ் பயணிகள். மாலுமித் தலைவரும் முதன்மை அதிகாரிகளும் ஐரோப்பியர். ஆப்பிரிக்கக் கொம்பு முனையை நெருங்குகையில் கடும் காற்றும் கொந்தளிப்பும் தாக்கின. கொதிகலன்கள் நிலைபெயர்ந்தன. கப்பலுக்குள் நீர் புகுந்தது. பயணிகள் இரவுபகலாக நீரை இறைத்தனர்.

ஆகஸ்டு 8 ஆம் நாள் அதிகாலை இருளில் மாலுமித் தலைவரும் அவர் மனைவியும் தலைமை அதிகாரியும் தலைமைப் பொறியாளரும் வேறு சிலரும் ஒரு படகை இறக்கினர். தாங்கள் கைவிடப்படுவதை உணர்ந்த பயணிகள் தடுக்க முயன்றும் பயனில்லை. படகில் தப்பியவர்களை வழியில் வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டது. 10 ஆம் நாள் ஏடனில் இறங்கிய அவர்கள், கப்பல் மூழ்கிவிட்டது, பயணிகளும் போய்விட்டனர் என்று அறிவித்தனர். செய்தி தந்தி வழியே இலண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் பறந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் எத்தனை வீடுகளில் அன்று இன்னா லில்லாஹி ஓதப்பட்டிருக்கும்!

மறுநாள், ஆகஸ்டு 11 அன்று, ஏடன் துறைக்குள் ஒரு கப்பல் மற்றொரு கப்பலை இழுத்துக்கொண்டு வந்தது. இழுத்துவந்தது 'ஆண்டினார்'. இழுக்கப்பட்டது 'ஜித்தா'. அதன் தளத்தில் பயணிகள் ஏறத்தாழ அனைவரும் உயிரோடு நின்றனர். அதிகாரிகள் ஓடியபின் அவர்கள் அழுதுகொண்டு அமர்ந்திருக்கவில்லை. எஞ்சிய கப்பல் தொழிலாளரோடு சேர்ந்து நீரை இறைத்துக்கொண்டே இருந்தனர். பாய்களை விரித்துக் கப்பலைச் செலுத்த முயன்றனர். அந்நிலையில்தான் 'ஆண்டினார்' அவர்களைக் கண்டது.

ஏடனில் விசாரணை நடந்தது. மாலுமித் தலைவர் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, அவருடைய சான்றிதழை மூன்றாண்டுகள் நிறுத்திவைத்தனர். ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் கடலில் விட்டு வந்ததற்கு அவ்வளவே தண்டனை.

பின்னர் ஜோசப் கான்ராடு என்னும் பெரும் எழுத்தாளர் இந்நிகழ்வைக் கருவாகக் கொண்டு 'லார்டு ஜிம்' என்னும் நாவலை எழுதினார். 1900 இல் நூலாக வந்த அது உலக இலக்கியத்தில் உயர்ந்த இடம் பெற்றது. ஓடிப்போன அதிகாரி ஒருவனின் மனச்சான்றே அந்நூலின் பொருள். அவன் வாழ்நாள் முழுதும் படும் நாணமும் துயரும் நம் நெஞ்சைத் தொடுகின்றன. அந்த வகையில் அது நேர்மையான நூலே. எனினும், நாவலிலும் பயணிகள் கூட்டமாகவே வருகின்றனர். ஓடியவனுக்குப் பெயரும் முகமும் மனமும் உண்டு. நீரை இறைத்துக் கப்பலைக் காத்தவர்களுக்கு அவை இல்லை. உண்மை நிகழ்விலும் மாலுமித் தலைவரின் பெயரையும் அதிகாரிகளின் பெயர்களையும் எந்த நூலகத்திலும் எடுக்கலாம். பினாங்கில் கப்பலேறிய அந்தத் தாய்மாரின் பெயர்களைத் தேடினால் அவ்வாறு கிடைப்பதில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கலாகாது. அக்கால ஹஜ் கப்பல்கள் பலவற்றில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதற்கு ஐரோப்பியர் மட்டும் காரணரல்லர். சீட்டு விற்ற முகவரும் கப்பல் உரிமையாளரும் பல நேரங்களில் முஸ்லிம்களே. புனிதப் பயணத்தை வெறும் வாணிபமாக்கியபோது பயணியின் உயிர் மலிவாயிற்று. இன்றைக்கும் ஹஜ், உம்ரா ஏற்பாட்டாளர் சிலரிடம் ஏமாந்து கண்ணீர் விடுவோரைக் காணும்போது அந்தக் கப்பல் நினைவுக்கு வராமலிருப்பதில்லை.

ஜித்தா: பயணத்தின் கரை

ஹிஜ்ரி 26 இல் கலீபா உஸ்மான் (ரலி) அவர்கள் ஜித்தாவை மக்காவின் துறைமுகமாக்கினார்கள் என்று வரலாறு கூறும். பவளப்பாறைகள் சூழ்ந்த அக்கரையைப் பெருங்கப்பல்கள் நெருங்க இயலாது. தொலைவில் நங்கூரமிட்டுச் சம்பூக் எனப்படும் படகுகளில் பயணிகளை இறக்குவர். அதற்கு முன்னரும் ஒரு சோதனை இருந்தது. 1865 இல் ஹிஜாஸில் பரவிய காலரா ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டபின், தெற்கிலிருந்து வரும் ஹஜ் பயணிகளுக்காகச் செங்கடலின் கமரான் தீவில் 1882 இல் தொற்றுத் தடுப்பு முகாம் அமைந்தது. இஹ்ராம் அணியும் ஆவலோடு வந்தவர்கள் அத்தீவின் வெயிலில் நாள்கணக்கில் காத்திருந்தனர்.

ஜித்தாவின் பழைய நகரான அல் பலத், பவளக் கற்சுவர்களும் மரப் பலகணிகளும் கொண்ட வீடுகளுக்காக 2014 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இடம்பெற்றது. 2021 முதல் ஜித்தாத் துறையில் உல்லாசக் கப்பல்களும் நிற்கின்றன. இந்தியாவிலிருந்து சென்ற ஹஜ் கப்பல்களோ 1995 உடன் நின்றுவிட்டன. அன்று ஹாஜிகளை இறக்கிய துறை இன்று சுற்றுலாப் பயணிகளை இறக்குகிறது. காலம் அப்படித்தான் புரளும். அதில் வருந்துவதற்கு ஏதுமில்லை. ஆனால் மறப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

பயணமும் படிப்பினையும்

கடலில் ஓடும் கப்பல்களைத் தன் சான்றுகளுள் ஒன்றாக இறைவன் திருமறையில் பலமுறை நினைவூட்டுகிறான். பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவைப் பார்க்குமாறும் பணிக்கிறான். பார்ப்பது என்பது படமெடுப்பது மட்டுமன்று.

எனவே, வாய்ப்புள்ள குடும்பங்கள் இத்துறைகளுக்குச் செல்லுங்கால் சிலவற்றை மனத்தில் கொள்ளலாம். கப்பலில் சூதாட்டமும் மதுவும் உண்டு என்பதை முன்னரே அறிந்து, ஹலால் உணவுக்கும் தொழுகைக்கும் ஏற்பாடு உண்டா என விசாரித்துச் செல்வது நலம். பயணத் தொழுகையின் சலுகைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல தருணம் வேறில்லை. கரையில் கிடைக்கும் சில மணி நேரத்தில் ஒரு வேளைத் தொழுகையையேனும் அவ்வூர்ப் பழம்பள்ளியில் ஜமாஅத்தோடு தொழலாம். பள்ளியின் முதியவரிடம் ஸலாம் சொல்லிச் சற்று அமர்ந்தால், எந்த வழிகாட்டி நூலும் சொல்லாத செய்திகள் கிடைக்கும். அங்குள்ள வக்ஃபுக்கு ஒரு சிறு தொகை கொடுத்தால், இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தொடங்கிய நன்மையில் நாமும் சேர்ந்துகொள்கிறோம்.

போகும் வாய்ப்பில்லாதவர்கள் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. நம் வீடுகளில் இருக்கும் பழைய கப்பல் சீட்டுகள், கடவுச்சீட்டுகள், பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த அரபுத் தமிழ்க் கடிதங்கள் ஆகியவற்றைக் குப்பையில் சேர்க்காமல் காப்பதே அது. பாட்டனாரின் பெயர், அவர் கப்பலேறிய ஆண்டு, இறங்கிய துறை, செய்த தொழில் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். 'ஜித்தா' கப்பலின் தளத்தில் நின்று நீரிறைத்தவர்களின் பெயர்களைப் பிறர் எழுதிவைக்கவில்லை. நம்மவரின் பெயர்களையாவது நாம் எழுதிவைப்போம்.

கடலில் சென்று கரை சேர்ந்தவர்கள்மீதும், கரை சேராமல் கடலிலேயே அடங்கியவர்கள்மீதும் அல்லாஹ் தன் அருளைப் பொழிவானாக. ஆமீன்.